‘கேள்’ என்னும் ஒரே சொல்



மாதேஸ்வரன் மலைப் பகுதியில் மார்டள்ளி என்றோர் ஊர் உண்டு. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்னர் கொள்ளேகால் தாலுக்காவில் இருந்தது; இப்பொழுது ஹனூர் தாலுக்காவில் இருக்கிறது. தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர் அது. இந்த மாதம் நாம் சிந்திக்கப்போகும் காரியத்தை அந்த ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முடியுமட்டும் கொள்ளேகால் தாலுக்கா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, அது மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. 1973இல் அம்மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற்றது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1950இல் அந்தப் பகுதியில் பிறந்த ஒரு மனிதரை எண்ணிப் பாருங்கள். அவர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் பிறந்தார். மைசூர் மாவட்டத்தில் வாலிபனானார். சாமராஜநகர் மாவட்டத்தில் முதிர்வயதை அடைந்தார். இத்தனைக்கும் அவர் வீடு மாறவில்லை. ஒரு மூட்டைகூடக் கட்டவில்லை. ஆயினும் தாலுக்கா அலுவலகத்தின் பெயர்ப்பலகை வேறு எழுத்துக்கு மாறியது. பட்டா என்றிருந்தது பஹணி என்றாயிற்று. சந்தையிலும் பேருந்திலும் அரசு அலுவலகத்திலும் அவர் காதில் விழுந்த பாஷை கன்னடமாயிற்று.

இதை வாசிக்கிற உங்களில் பலர் பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள். மார்டள்ளிப் பகுதி மக்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து போயிற்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 21 லட்சம் பேர். வந்து குடியேறியவர்களும், வழிவழியாக அங்கேயே இருந்தவர்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. இவர்கள் எல்லாருக்கும் முன்னே நிற்கும் கேள்வி ஒன்றே: என் உள்ளத்தில் இருப்பது என் அயலானின் உள்ளத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவன் உள்ளத்தில் இருப்பது என்னிடத்துக்கு எப்படி வந்து சேரும்?

அலுவலகங்களில் இதற்குக் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கற்பிப்பதற்கென்று தெருவுக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்ற விளம்பரத்தைப் பார்க்காத நகரவாசி இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகும் வாலிபனுக்கு அது தேவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வேலை கிடைத்தவுடன் பலர் அந்தப் பயிற்சியை மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். பேசும் திறன் என்றால் தடுமாறாமல் பேசுவது, ஆங்கிலச் சொற்களைக் கலந்து பேசுவது, நாலு பேர் முன்னே கூச்சப்படாமல் நிற்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியானால், சரளமாகப் பேசுகிற கணவனும் சரளமாகப் பேசுகிற மனைவியும் வாழும் வீட்டில் சண்டையே வரக்கூடாது அல்லவா? நன்றாய்ப் பிரசங்கிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற சபையில் மனஸ்தாபமே இருக்கக்கூடாது அல்லவா? காரியம் அப்படி இல்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பிரியமானவர்களே, நாவின் பயிற்சி செவியில் தொடங்குகிறது. இதை நமக்குச் சொல்லித்தர வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. நம் தமிழே ஒரு சொல்லில் அதை அடக்கி வைத்திருக்கிறது. ‘கேள்’ என்கிறோம். ‘நான் சொல்வதைக் கேள்’ என்றால் செவிகொடு என்று பொருள். ‘தெரியாவிட்டால் அவரைக் கேள்’ என்றால் வினாவு என்று பொருள். செவிகொடுப்பதற்கும் வினாவுவதற்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்தான். கன்னடத்தில் என்ன சொல் தெரியுமா? ‘கேளு’. அங்கும் அதே இரண்டு பொருள். எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் இந்தச் சொல் மாறவில்லை. கவனித்துக் கேட்கிறவனுக்குத்தான் எதை வினாவ வேண்டும் என்று தெரியும். தாழ்மையாய் வினாவுகிறவனுக்குத்தான் பதில் காதில் ஏறும். இந்த இரண்டும் சேர்ந்ததே நல்ல பேச்சின் அஸ்திபாரம்.

பெந்தெகொஸ்தே நாளை நாம் எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். எருசலேமில் பல தேசத்து யூதர்கள் கூடியிருந்தார்கள். அவர்களை வியப்பில் ஆழ்த்தியது எது? தாங்கள் பிறந்த நாட்டின் மொழியிலே ஒவ்வொருவரும் அச்செய்தியைக் கேட்டதுதான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. பேசினவர்கள் கலிலேயர், ஆனால் அற்புதம் கேட்டவர்களுடைய செவியை எட்டியது. நம்முடைய பேச்சையும் அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். நான் எவ்வளவு அழகாகச் சொன்னேன் என்பது ஒரு கேள்வி. எதிரே இருந்தவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. வாழ்க்கையில் பயன்படுவது இரண்டாவது கேள்வியே.

இது எவ்வளவு பாரமான காரியம் என்பதை நகரத்து மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். கிராமத்திலிருந்து ஒரு தாயார் வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரியும். நடுவே மகன் நின்று மொழிபெயர்க்கிறான். டாக்டர் மகனைப் பார்த்துப் பேசுகிறார்; மகன் டாக்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறான். நோயாளியோ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்களுக்கே உரிய நோவு ஒன்று அவருக்கு இருந்தால், அதை மகன் வாயினால் சொல்லவைக்க எந்தத் தாய் துணிவார்? ‘கொஞ்சம் அசதியா இருக்குப்பா, வேற ஒண்ணுமில்ல’ என்று முடித்துக்கொள்வார். அந்த ‘வேற ஒண்ணுமில்ல’ என்ற இரண்டு சொல்லுக்குள்ளே ஒரு பெரிய வியாதி மறைந்திருக்கக்கூடும். மருந்துக் கடையில், ஊட்டக்கு முன்னே என்பதைச் சொல்கிறார்களா, ஊட்டமான பின் என்பதைச் சொல்கிறார்களா என்பது விளங்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். கன்னடத்தில் ‘ஊட்ட’ என்றால் சாப்பாடு. ‘முஞ்செ’ என்றால் முன்பு. ‘நந்தர’ என்றால் பிறகு. இந்த மூன்று சொல் தெரிந்திருந்தால் ஒரு மாத்திரை உரிய வேளையில் வயிற்றுக்குள் போகும்.

ஆகவே முதலாவது பழக்கம் இது: கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். டாக்டர் சொன்னதும் தலையாட்டி எழுந்துவிடாமல், ‘ஐயா, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, அப்படித்தானே?’ என்று உங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக் காட்டுங்கள். மேல்நாடுகளில் இன்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இதையே பயிற்சியாகக் கொடுக்கிறார்கள்; நோயாளி தம் சொந்த வார்த்தையில் திரும்பச் சொல்லும்வரை விளக்கம் முடிந்ததாகக் கொள்ளாதே என்று போதிக்கிறார்கள். இதை வீட்டிலும் செய்யலாம். மனைவி ஒரு மனக்குறையைச் சொல்லும்போது, உடனே நியாயம் பேசத் தொடங்காதீர்கள். ‘நான் அம்மா முன்னால் அப்படிப் பேசினதுதான் உனக்கு வருத்தம், இல்லையா?’ என்று கேட்ட பொருளைத் திருப்பிக் கொடுங்கள். அவர் ‘ஆமாம்’ என்றால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது. ‘அது இல்லை’ என்றால், இல்லாத ஒன்றுக்குச் சண்டை போடாமல் தப்பித்தீர்கள்.

இரண்டாவது, அயலானுடைய பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள். கன்னட நாட்டில் இருக்கிறவர்களுக்குக் கன்னடம். ஆந்திரத்திலோ தெலங்கானாவிலோ இருந்தால் தெலுங்கு. மும்பையில் இருந்தால் மராத்தி. ‘இத்தனை வருஷமாய் இருந்தும் வரவில்லையே’ என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கன்னடம் நமக்கு அந்நியமல்ல. ஒரே தாயின் பிள்ளைகள் நாம். சில ஓசை மாற்றங்களை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும், பூட்டிய கதவு பாதி திறந்துவிடும்.

தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் என்பது ஹாலு. பத்து என்பது ஹத்து. பல் என்பது ஹல்லு. புலி என்பது ஹுலி. பூ என்பது ஹூவு. பொன் என்பது ஹொன்னு. நம் வகரம் பல இடங்களில் அங்கே மெல்லோசையுள்ள பகரமாகும். வா என்பது பா. வேர் என்பது பேரு. வெள்ளி என்பது பெள்ளி. வெண்ணெய் என்பது பெண்ணெ. நம் சகரம் சில இடங்களில் ககரமாயிருக்கும். செவி என்பது கிவி. சேரி என்பது கேரி. இப்பொழுது மார்டள்ளி என்ற பெயரையே பாருங்கள். அதன் கடைசியில் இருக்கும் ‘அள்ளி’ என்பது சிற்றூரைக் குறிக்கும் ‘ஹள்ளி’. அந்த ஹள்ளியோ, நம் ஊர்ப் பெயர்களில் வரும் ‘பள்ளி’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. திருச்சிராப்பள்ளியும் மார்டள்ளியும் பெயரளவில் உறவினர்கள்! தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் நிறைய இருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உறவினர் வீட்டில்தான் தவறான எண்ணங்களும் எளிதில் உண்டாகும். கன்னட வீட்டுக்குப் போகிறீர்கள். வீட்டுக்காரர் மலர்ந்த முகத்தோடு ‘பன்னி, பன்னி’ என்று வரவேற்கிறார். புதிதாய்க் கேட்கும் தமிழனுக்குத் தூக்கிவாரிப் போடும். அவர் மரியாதையோடு ‘வாருங்கள்’ என்றுதான் சொல்லுகிறார். உண்ணும்போது ‘சாக்கு?’ என்று கேட்பார். நமக்குச் சாக்கு என்றால் கோணிப்பை, அல்லது நொண்டிச் சமாதானம். அவரோ ‘போதுமா?’ என்று கேட்கிறார். இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, ‘அவர்கள் நம்மை மதிக்கவில்லை’ என்று பத்துப் பேரிடம் சொல்லலாம். அல்லது சிரித்துக்கொண்டே, ‘அப்படியென்றால் என்ன அர்த்தம்?’ என்று கேட்கலாம். முதல் வழியில் பகை பிறக்கிறது. இரண்டாம் வழியில் ஒரு சொல்லும் கிடைக்கிறது, ஒரு சிநேகிதரும் கிடைக்கிறார். குடும்பங்களிலும் சபைகளிலும் எழும்புகிற பிரிவினைகளில் எத்தனை, ஒருவர் ‘வாருங்கள்’ என்று சொன்னதை மற்றவர் வசையாக எடுத்துக்கொண்டதால் வந்தவை என்று சிந்தித்துப் பாருங்கள்.

மூன்றாவது, மரியாதைச் சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பதுபோலக் கன்னடத்தில் நீனு, நீவு என்று இருக்கிறது. ‘பா’ என்றால் வா; ‘பன்னி’ என்றால் வாருங்கள். ‘ஹேளு’ என்றால் சொல். ‘ஹேளி’ என்றால் சொல்லுங்கள். வேலையிடத்தில் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஏவல் சொற்களையே முதலில் கற்றுக்கொள்கிறார்கள். மேஸ்திரி தங்களிடம் எப்படிப் பேசினாரோ அப்படியே பிறகு ஒரு பெரியவரிடம் பேசிவிட்டு, அவர் ஏன் கோபப்பட்டார் என்று விளங்காமல் நிற்கிறார்கள். ஆகையால் புதுமொழியில் பத்துச் சொற்கள்தான் கற்க முடியும் என்றாலும், அவற்றில் ஐந்து சொற்கள் மரியாதைச் சொற்களாக இருக்கட்டும்.

அயலானின் பாஷையைப் பேசுவதால் என்ன நேரிடும் என்பதற்குப் பவுல் அப்போஸ்தலனுடைய சரித்திரத்தில் ஒரு காட்சி இருக்கிறது. எருசலேம் தேவாலயத்தருகே ஜனங்கள் அவரைப் பிடித்து அடிக்கிறார்கள். ரோமச் சேனாபதி வந்து அவரைக் கோட்டைக்குக் கொண்டுபோகிறான். படிக்கட்டில் நின்று பவுல் சேனாபதியிடம் கிரேக்கில் பேசுகிறார். அவன் வியந்து, பேசுவதற்கு இடங்கொடுக்கிறான். பிறகு அவர் கூட்டத்தின் பக்கமாகத் திரும்பி, அவர்களுடைய எபிரெய பாஷையில் பேசத் தொடங்குகிறார். கொல்ல வேண்டும் என்று கூச்சலிட்ட கூட்டம் தன் மொழியைக் கேட்டதும் அமைதலாகிறது. ஒரே படிக்கட்டு, ஒரே மனிதன், இரண்டு மொழி. அன்றைக்கு அவர் சொன்ன எல்லாவற்றையும் கூட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது உண்மையே. சற்று நேரத்தில் மறுபடியும் கூச்சல் எழும்பிற்று. மொழி தெரிந்தால் எல்லாரும் நம் பக்கம் சேர்ந்துவிடுவார்கள் என்று வேதம் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. செவிகொடுத்துக் கேட்கும் ஓர் இடைவேளை கிடைக்கும். கோபமான உலகத்தில் அந்த இடைவேளையே பெரிய காரியம்.

நம் நாட்களிலும் அந்த இடைவேளைக்காகப் பலகாலம் காத்திருந்ததுண்டு. 1991இல் காவிரித் தண்ணீர் விவகாரத்தில் பெங்களூரிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் பட்ட பாட்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் பெங்களூர் அல்சூர் ஏரி அருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமலே 18 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதே மாதம் 13ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மாநில முதலமைச்சர்களும் பேசி, நீ என் புலவரை மதி, நான் உன் புலவரை மதிக்கிறேன் என்ற இணக்கத்துக்கு வந்ததனால் துணி விலகியது. 2016 செப்டம்பரில் மறுபடியும் கலவரம் மூண்டது என்பதும் உண்மையே. சமாதானம் ஒருநாள் விழாவில் முடிந்துவிடுகிற காரியமல்ல. அது பக்கத்து வீட்டு வாசலில் தினந்தோறும் பேசப்படும் இரண்டு வார்த்தையால் காக்கப்படுகிறது. கலவர நாளில் ‘இவர்கள் நம்மவர்கள்’ என்று கதவருகே நிற்கக்கூடிய அயலானை, அமைதியான நாட்களிலேயே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

‘போதகரே, எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது; இனிமேல் என்ன கற்பது?’ என்று கேட்பீர்களானால், ஜி. யூ. போப் ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். 1820இல் பிறந்த அவர் 1839இல் மிஷனரியாகத் தென்னிந்தியாவுக்கு வந்தார். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் ஊழியம் செய்தார். 1870களில் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 66 வயது. திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்டது 1900இல்; அப்போது 80 வயது. இளமையில் தொடங்கிய தமிழ்ப் படிப்பை எண்பது வயதிலும் அவர் முடித்ததாக எண்ணவில்லை. தம்முடைய விசுவாசத்தை விடாமலே, வேறு விசுவாசத்தார் உருகிப் பாடுவதையும் அவர்களுடைய மொழியில் கருத்தூன்றிக் கேட்டார். அவர் நாவைத் தமிழ் மக்கள் இன்றும் கனம்பண்ணுவதற்குக் காரணம் அவருடைய செவிதான்.

அத்தனை பெரிய மனிதர் வேண்டாமென்றால், மைசூருக்கே வாருங்கள். அங்கே மானசகங்கோத்ரியில் 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் இருக்கிறது. அதைச் சேர்ந்த தென்மண்டல மொழி மையத்தில், பிற மாநிலத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்து தங்கி, தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு ஆகியவற்றில் ஒன்றைப் பத்து மாத வகுப்பில் கற்றுப்போகும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வந்தது. நேற்றுவரை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் இன்று ‘அ, ஆ’ என்று எழுதிப் பழகுகிறார். தவறாக உச்சரித்தால் திருத்தப்படுகிறார்; நாணப்படாமல் மறுபடியும் சொல்லுகிறார். கற்பிக்கிறவர் கற்பவராக உட்காரும்போது அவருடைய கனம் குறைவதில்லை.

திருத்தப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்தவர். சாதுரியமாய்ப் பேசவும் வேதாகமங்களை விளக்கவும் வல்லவர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் அவர் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். இவ்விருவரும் யார்? ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது ஊரைவிட்டு வந்தவர்கள்; கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்கள். இன்றைய பாஷையில் சொன்னால், நகரத்தில் பிழைக்க வந்த கைத்தொழிலாளக் குடும்பம். அப்பொல்லோவின் பேச்சில் ஒரு குறை இருப்பதை அவர்கள் கண்டார்கள். சபை நடுவே எழுந்து நின்று குற்றம் சொல்லவில்லை. அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு போய் இன்னும் திட்டமாய் விளக்கினார்கள். அவரும், ‘கூடாரம் தைக்கிறவர்களா எனக்குச் சொல்வது?’ என்று எண்ணவில்லை. முதலில் அவர்கள் அவருக்குச் செவிகொடுத்தார்கள். பிறகு அவர் அவர்களுக்குச் செவிகொடுத்தார். திருத்துகிறவர் தனிமையில் திருத்தட்டும். திருத்தப்படுகிறவர் அதை லாபமாக எண்ணட்டும். உங்கள் பத்து வயது மகள் உங்கள் கன்னட உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தால், அதட்டாதீர்கள். ‘சரி, எப்படிச் சொல்ல வேண்டும்? சொல்லிக்கொடு’ என்று கேளுங்கள். அன்றைக்கு அவள் ஒரு பாடமும் கற்றுக்கொள்வாள்: பெரியவர்களும் கற்கலாம், தவறிச் சொல்வது அவமானமல்ல என்பதே அது.

இனி, நான் மிகவும் பாரத்தோடு எழுதுவது வீட்டைப் பற்றி. வெளியில் மூன்று மொழி பேசும் நம் குடும்பங்களில், உள்ளே பேச மொழி இல்லாமற்போகிற அபாயம் வந்திருக்கிறது. பாட்டிக்குத் தமிழ், பேரனுக்கு ஆங்கிலமும் கன்னடமும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்பார் பாட்டி. ‘ம்’ என்பான் பேரன். ‘நல்லாப் படிக்கிறியா?’ ‘ம்.’ அதோடு தொலைபேசி அப்பாவின் கைக்குப் போய்விடும். அன்பு இல்லாமல் இல்லை, சொல் இல்லை. பேரனைப் பற்றி அவன் பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் அவன் தந்தை மொழிபெயர்த்துச் சொன்னது மாத்திரமே. பாட்டியின் ஜெபங்களும், அவர் கடந்துவந்த பஞ்சமும் பாடுகளும், அவர் அறிந்த காடும் மேடும், அந்த ஒற்றை ‘ம்’ என்ற ஓசையோடு நின்றுபோகும். பாட்டி மரித்த பிறகு அகராதி வாங்கிப் பயனில்லை.

மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிப் போதனைக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்லுகிறது. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்ட 1956இலேயே, மார்டள்ளி போன்ற ஊர்களின் நிலையில் இருப்பவர்களுக்காகச் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அந்த உரிமையைக் கேட்பது நியாயமே. ஆனால் எந்தச் சட்டமும் நம் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து பிள்ளையோடு தமிழ் பேசாது. அது தாய் தகப்பனின் ஊழியம்.

அதற்கு ஓர் எளிய வழி, கொடுக்கல் வாங்கல். பேரன் பாட்டிக்குக் கன்னட எழுத்தைச் சொல்லிக்கொடுக்கட்டும். பேருந்துப் பலகையில் தன் ஊர்ப் பெயரை அவர் தாமாகவே வாசிக்கும் நாள் அவருக்கு விருந்துநாள். பாட்டி பேரனுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கட்டும். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். யாரும் யாருக்கும் கீழல்ல.

இந்த மாதத்தில் செய்து பார்க்கும்படி நான்கு காரியங்களை உங்களிடம் விட்டுப்போகிறேன். 1. நாளொன்றுக்கு ஒருமுறையாவது, ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ‘அப்படித்தானே?’ என்று கேளுங்கள். 2. அயலானின் மொழியில் தினம் ஒரு சொல் கற்று, அன்றே அதை அவரிடமே பயன்படுத்துங்கள். ஆண்டு முடிவில் முந்நூறுக்கு மேற்பட்ட சொற்கள் உங்கள் கையில் இருக்கும். 3. உங்கள் வீட்டுப் பெண்கள் டாக்டரிடம் தாங்களே சொல்லத்தக்க ஐந்து வாக்கியங்களை உள்ளூர் மொழியில் பழக்கிக் கொடுங்கள்: எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எப்பொழுது அதிகம், என்ன மருந்து சாப்பிடுகிறேன், பெண் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். 4. வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரை ஒரு பழைய காரியம் சொல்லும்படி கேளுங்கள். அவர் முடிக்குமட்டும் நடுவே பேசாதீர்கள்.

நாளைக்கே தொடங்கலாம். காய்கறி வண்டிக்காரர் வரும்போது, பேரம் பேசுவதற்கு முன்னே, ‘சென்னாகிதீரா?’ என்று கேளுங்கள். நலமா என்று பொருள். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்று செவிகொடுங்கள்.